ஜன்னல் இல்லாத சுவர்

இன்றைய எபிசோடை ஒரு சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னாடி ஆபீஸ் வேலையாக ரெண்டு மாசம் லண்டனில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ‘பேங்க்’ என்றே பேர் வைத்த டியூப் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தேன். எதிரே பேங்க் ஆஃப் இங்கிலாந்து. வார நாட்களில் கோட் சூட் கூட்டம் அலைமோதுகிற இடம், ஞாயிற்றுக்கிழமை காக்கா குருவி இல்லை. சரி, கோயிலைச் சுற்றுகிற மாதிரி ஒரு சுற்று சுற்றுவோம் என்று நடந்தேன். தெற்கே த்ரெட்நீடில் தெரு, மேற்கே பிரின்ஸஸ் தெரு, வடக்கே லாத்பரி, கிழக்கே பார்த்தலோமியூ சந்து. மூன்றரை ஏக்கர். நம்ம ஊர் கணக்கில் 60 கிரவுண்டுக்கு மேல்.

பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. இந்தச் சுவரில் ஜன்னலே இல்லை.

தூண்கள் இருக்கு, அலங்கார வேலைப்பாடு இருக்கு, ஜன்னல் மாதிரி குழிவான மாடங்கள் கூட இருக்கு. எல்லாம் கல்லால் அடைத்தவை. அந்தச் சுவருக்கு மேலே, உள்பக்கமாகத் தள்ளி, ஜன்னல்களோடு இன்னொரு பெரிய கட்டடம் எழும்பி நிற்கிறது. யாரோ ஒருத்தர் வீட்டுக் காம்பவுண்டுக்குள் வேற யாரோ மாடி கட்டின மாதிரி. கிட்டத்தட்ட அதேதான் நடந்தது. அந்தக் கதையைச் சொல்றேன். கதையோட முடிவில் நம்ம தங்கமும் வரும்.

1694. பிரான்ஸோடு போர், இங்கிலாந்து ராஜா மூன்றாம் வில்லியமிடம் காசில்லை. பொதுமக்களிடம் பணம் திரட்டி அரசாங்கத்துக்கு 12 லட்சம் பவுண்ட் கடன் கொடுக்க ஒரு கம்பெனி உருவானது. வட்டி 8 சதவீதம். பன்னிரண்டே நாளில் மொத்தப் பணமும் சேர்ந்துவிட்டது. அதுதான் பேங்க் ஆஃப் இங்கிலாந்து. அப்போது அதற்குச் சொந்தக் கட்டடம் கூட கிடையாது. துணி வியாபாரிகள் சங்கத்தின் மண்டபத்தில் 17 கிளார்க்குகள், 2 வாயிற்காப்போரோடு ஆரம்பித்து, கொஞ்ச மாசத்திலேயே மளிகை வியாபாரிகள் சங்கத்தின் மண்டபத்துக்குக் குடிபோனார்கள். நாற்பது வருஷம் வாடகை இடம்தான். நம்ம ஸ்டார்ட்அப் ஆட்கள் கொஞ்சம் ஆறுதல் பட்டுக்கலாம். 1734-ல் தான் த்ரெட்நீடில் தெருவில், ஜார்ஜ் சாம்சன் என்பவர் வடிவமைத்த சொந்தக் கட்டடத்துக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு ராபர்ட் டெய்லர் என்ற கட்டடக் கலைஞர் அதை ரெண்டு பக்கமும் நீட்டினார். இதுவரைக்கும் அது பெரிய, ஆனால் சாதாரணமான ஒரு கட்டடம். ஜன்னல்களும் உண்டு.

பயம் வந்தது 1780-ல்.

அந்த ஜூன் மாசம் லண்டன் தீப்பிடித்து எரிந்தது. கத்தோலிக்கர்களுக்குக் கொடுத்த சில சலுகைகளை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம், நியூகேட் சிறையைக் கொளுத்தி கைதிகளை வெளியே விட்டது. கார்டன் கலவரம் என்று இதைச் சொல்வார்கள். ஜூன் 7 ராத்திரி கூட்டம் வங்கியை நோக்கி வந்தது. உள்ளே இருந்து சுட்டவர்களில் ஒருவர் ஜான் வில்க்ஸ். இதே லண்டன் கூட்டம் சில வருஷங்களுக்கு முன்னால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய மக்கள் தலைவர் அவர்! அன்றைக்கு அவர் துப்பாக்கியோடு வங்கிப் பக்கம் நின்றார். அந்தக் கலவரத்தில் மொத்தமாக நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள்.

வங்கி தப்பித்தது. ஆனால் பயம் போகவில்லை. அன்றிலிருந்து தினமும் ராத்திரி ராணுவக் காவல். சிப்பாய்கள் அணிவகுத்து வந்து உள்ளே தங்கிவிட்டு காலையில் போவார்கள். இது எப்போ நின்றது தெரியுமா? 1973-ல். கிட்டத்தட்ட 200 வருஷம்.

பக்கத்தில் செயின்ட் கிறிஸ்டோபர் என்று ஒரு தேவாலயம் இருந்தது. அதன் கோபுரத்தில் ஏறி நின்றால் வங்கியைத் தாக்கலாம் என்று யாருக்கோ தோன்றியது. சில வருஷத்தில் தேவாலயமே இடிக்கப்பட்டது. அதன் கல்லறைத் தோட்டம் வங்கியின் உள்முற்றமாக மாறியது. கடவுளையே காலி பண்ண வைக்கிற அளவுக்குப் பயம்!

இந்தப் பயத்தை வாங்கிக் கட்டடமாக மாற்றியவர் ஜான் சோன்.

கொத்தனார் மகன். 1788-ல் வங்கியின் கட்டடக் கலைஞராகச் சேரும்போது வயது 35. 1833-ல் பதவியை விடும்போது 80. நாற்பத்தைந்து வருஷம் ஒரே கட்டடம். சுற்றி இருந்த வீடுகளையும் சந்துகளையும் வங்கி ஒவ்வொன்றாக வாங்க வாங்க, சோன் சுவரை நீட்டிக்கொண்டே போனார். கடைசியில் மொத்த வளாகத்தையும் அந்தச் சுவர் வளைத்துவிட்டது. வெளியே இருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது, கல் எறிய முடியாது, தீப்பந்தம் வீச முடியாது.

ஆனால் யோசிச்சுப் பாருங்க. ஜன்னல் இல்லாத மூன்றரை ஏக்கருக்குள்ளே நூற்றுக்கணக்கான கிளார்க்குகள் காலையிலிருந்து சாயந்திரம் வரை பேரேட்டில் பொடி எழுத்தில் கணக்கு எழுதணும். மின்சாரம் இல்லாத காலம். வெளிச்சத்துக்கு எங்கே போவது?

மேலே போனார் சோன். நம்ம ஊர் பழைய வீடுகளில் முற்றம் வைத்தால் வீடு முழுக்க வெளிச்சம் வருமே, அதே யோசனையின் பெரிய வடிவம். வளாகத்துக்குள் அங்கங்கே முற்றங்களை விட்டார். பெரிய கூடங்களுக்கு மேலே குவிமாடம், அதன் உச்சியில் கண்ணாடிக் கூண்டு. வெயில் நேராகக் கண்ணில் அடிக்காமல், வளைவுகளில் பட்டு, சுவரில் வழுக்கி, மேஜைக்கு வந்து சேரும்போது மெத்தென்று இருக்கும். 1792-ல் கட்டிய பங்குப் பத்திர அலுவலகம்தான் இதில் முதலும் முக்கியமும். தீ பயமும் இருந்ததால் கூரையில் மரத்தைத் தவிர்த்தார். அப்போ கல்லும் செங்கல்லுமாக வைத்தால் பாரம் தாங்குமா? அதற்குச் சுட்ட மண்ணில் உள்ளீடற்ற குடுவைகள் செய்து, அவற்றை அடுக்கிக் கூரை வளைவுகளைக் கட்டினார். பானைகளால் ஆன கூரை. எடை குறைவு, தீயும் பிடிக்காது. கொத்தனார் மகனுக்கே வரும் யோசனை என்று எனக்குத் தோன்றும்.

வெளியே கோட்டை, உள்ளே வெளிச்சம். இதுதான் அவருடைய வங்கி. அந்தக் கூடங்களின் படங்களைப் பார்த்தால் பணம் எண்ணும் இடம் மாதிரியே இருக்காது.

இங்கே ஒரு விசித்திரம். 1830-ல் சோனின் ஓவியர் ஜோசப் காண்டி ஒரு படம் வரைந்தார். வங்கியை வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி. ஆனால் கூரைகள் இல்லை, சுவர்கள் பாதியில் நிற்கின்றன. கட்டடத்தின் உட்புறத்தைத் திறந்து காட்டுகிற படம் என்றும் சொல்லலாம், பல நூறு வருஷத்துக்குப் பின் ரோமாபுரி மாதிரி இடிந்து கிடக்கும் வங்கி என்றும் சொல்லலாம். வேலை முடிவதற்கு முன்பே தன் கட்டடத்தின் இடிபாட்டைப் பார்த்துவிட்ட மனுஷன்! அந்தப் படம் இன்றும் லண்டனில் சோனின் வீட்டில் இருக்கு. வீடு இப்போ மியூசியம்.

சரி, சுவர் என்ன ஆச்சு? அது எதைக் காப்பாற்றியது?

1797 பிப்ரவரி. சோன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். பிரெஞ்சுப் படை ஒன்று வேல்ஸ் கரையில் இறங்கிவிட்டது என்று செய்தி. சின்னப் படைதான், ரெண்டு நாளில் சரணடைந்துவிட்டது. ஆனால் செய்தி லண்டனுக்கு வந்ததும் ஜனங்கள் கையில் இருந்த நோட்டுகளோடு வங்கிக்கு ஓடினார்கள். அந்த நோட்டில் ஒரு வாக்குறுதி இருந்தது: இதைக் கொண்டுவந்தால் இத்தனை பவுண்ட் தருவேன். உங்க பர்ஸில் இருக்கிற ரூபாய் நோட்டிலும் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துக்கு மேலே அப்படி ஒரு வாக்கியம் இருக்கும், எடுத்துப் பாருங்க. அன்றைக்கு அதற்கு அர்த்தம் இருந்தது. நோட்டைக் கொடுத்தால் தங்கம் கொடுத்தே ஆகணும்.

தங்கம் வேகமாகக் கரைந்தது. பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை, அரசாங்கம் உத்தரவு போட்டது: இனி நோட்டுக்குத் தங்கம் கிடையாது. எந்தக் கலவரக் கூட்டமும் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. வாசல் வழியாக, வரிசையில் நின்று, மரியாதையாக வந்தவர்கள்தான் வங்கியைக் காலி பண்ணப் பார்த்தார்கள். அந்தத் தடை 1821 வரை நீடித்தது. 1797-ல் கில்ரே வரைந்த ஒரு கேலிச்சித்திரத்தில், வங்கி ஒரு கிழவி. நோட்டுகளால் தைத்த பாவாடை, உட்கார்ந்திருப்பது பணப்பெட்டி மேலே, பிரதமர் பிட் கொஞ்சுகிற சாக்கில் அவள் பையில் கையை விடுகிறார். ‘த்ரெட்நீடில் தெருக் கிழவி’ என்ற பட்டப்பெயர் இன்றைக்கும் வங்கிக்கு உண்டு.

இதில் அதிகம் பேசப்படாத பக்கம் ஒன்று இருக்கு. தங்கக் காசு இல்லாததால் முதல் முறையாக 1 பவுண்ட், 2 பவுண்ட் நோட்டுகள் வந்தன. அதுவரை நோட்டு என்பது பணக்காரர் சமாச்சாரம். இப்போது எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர் கையிலும் நோட்டு. அச்சும் ரொம்பச் சாதாரணம், யார் வேணும்னாலும் கள்ள நோட்டு அடிக்கலாம். அடித்தார்கள். தண்டனை தூக்கு. அந்த 24 வருஷத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் கள்ள நோட்டு வழக்கில் தூக்கிலிடப்பட்டார்கள். கள்ள நோட்டைக் கையில் வைத்திருந்ததற்காகவே பலரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். வழக்குப் போட்டது வங்கிதான். 1819-ல் குரூக்‌ஷாங்க் என்ற ஓவியர் பொறுக்க முடியாமல் ஒரு போலி நோட்டு வரைந்து வெளியிட்டார். அதில் வரிசையாகத் தொங்கும் உடல்கள். சோனின் அழகான வெளிச்சக் கூடங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் படமும் ஞாபகம் வரும். அந்த வெளிச்சத்தில்தான் எது நல்ல நோட்டு, எது கள்ள நோட்டு என்று பார்த்திருப்பார்கள்.

கொஞ்சம் லேசான விஷயத்துக்கு வருவோம். 1836-ல் வங்கி இயக்குநர்களுக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்ததாக ஒரு கதை. ‘உங்க தங்க அறைக்குள் என்னால் வர முடியும், நேரம் சொல்லுங்க, அங்கேயே சந்திக்கலாம்.’ சிரித்திருப்பார்கள். ஆனாலும் சொன்ன நேரத்துக்குப் போய் நின்றார்கள். தரைப் பலகை விலகி ஒரு சாக்கடைத் தொழிலாளி மேலே வந்தார். ரிப்பேர் வேலையில் ஒரு பழைய கால்வாய் நேராக அந்த அறைக்குக் கீழே போவதைக் கண்டுபிடித்திருக்கிறார். எண்ணிப் பார்த்தார்கள், ஒரு கட்டி குறையவில்லை. அவருக்கு 800 பவுண்ட் பரிசு கொடுத்தார்களாம். ஊரையே வளைத்துச் சுவர் கட்டினாலும் தரைக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பது சாக்கடைக்காரருக்குத்தான் தெரியும்.

இப்போ இருபதாம் நூற்றாண்டு. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனின் கடன் மலையாகிவிட்டது. அந்தக் கடன் பத்திரங்களின் கணக்கை எழுதுவது வங்கியின் வேலை. ஊழியர்கள் பல மடங்கு பெருகினார்கள். சோன் கட்டியது பெரும்பாலும் ஒரே தளம். அதே இடத்தில் அத்தனை பேரை எப்படி அடைப்பது? ஹெர்பர்ட் பேக்கரைக் கூப்பிட்டார்கள்.

இந்தப் பேரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கா? டெல்லியில் ராஷ்டிரபதி பவனுக்கு முன்னால் ரெண்டு பக்கமும் நார்த் பிளாக், சவுத் பிளாக் என்று நிற்குமே, அதைக் கட்டியவர். நம்ம பழைய வட்டமான நாடாளுமன்றக் கட்டடத்திலும் அவர் கைதான்.

1925-ல் வேலை ஆரம்பம், 1939-ல் முடிவு. தரைக்கு மேலே ஏழு தளம், கீழே மூன்று தளம். அதற்காக சோனின் கூடங்கள், குவிமாடங்கள், பானைக் கூரைகள் எல்லாம் இடிக்கப்பட்டன. தெருப் பக்கத்தில் சில கூடங்களை சோன் பாணியில் பேக்கர் திரும்பக் கட்டினார். அதுவும் அவர் இஷ்டப்படி மாற்றித்தான். கட்டட வரலாற்றாசிரியர் பெவ்ஸ்னர் பிற்காலத்தில் இதை, லண்டன் சிட்டியில் அந்த நூற்றாண்டில் நடந்த மிகப் பெரிய கட்டடக் கலைக் குற்றம் என்றே எழுதினார். எனக்கு பேக்கர் மேல் அவ்வளவு கோபம் இல்லை. இடம் வேணும், வேலை நடக்கணும். என்னை உறுத்துவது வேற ஒன்று. இடிக்காமல் விட்டது எதை? சுவரை. வெளிச்சத்தை இடித்துவிட்டு, பயத்தை வைத்துக்கொண்டார்கள். ஏன்னா வெளியே நிற்கிற ஜனங்களுக்கு வங்கி என்றாலே அந்தச் சுவர்தான்.

சரியாக அந்த 1939-ல், மார்ச் மாசம் ஹிட்லரின் படை செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தது. ஆபத்து வரும் என்று தெரிந்து செக் நாட்டினர் தங்கத்தை முன்கூட்டியே வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு பகுதி, ஸ்விட்சர்லாந்தில் இருந்த சர்வதேச தீர்வு வங்கியின் கணக்கில், இந்தச் சுவருக்குள்ளே பத்திரமாக இருந்தது. ஜெர்மானியர்கள் பிராக் நகரத்து வங்கி அதிகாரிகளை மிரட்டி ஒரு உத்தரவில் கையெழுத்து வாங்கினார்கள். சுமார் 23 டன் தங்கம் லண்டன் கணக்குப் புத்தகத்தில் ஜெர்மனியின் பேருக்கு மாறியது. துப்பாக்கி வேணாம், ஏணி வேணாம். கவர்னர் மான்டேகு நார்மன் அந்த உத்தரவை நிறைவேற்றினார். வங்கி வங்கியின் வேலையைத்தான் செய்தது என்பது அவர் பக்கத்து நியாயம்.

இப்போ நம்ம கதை.

1991 ஜூன். இந்தியாவின் கையில் இருந்த அந்நியச் செலாவணி ரெண்டு, மூன்று வாரம் இறக்குமதிக்குக் கூடப் பத்தாது. பெட்ரோல், உரம், வெளிநாட்டுக் கடன் தவணை, எல்லாமே டாலரில் கொடுக்கணும். ரிசர்வ் வங்கி கவர்னர், நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிடரமணன். அந்த ஜூலை மாசம் 46.91 டன் தங்கம், நாலு தடவையாக, பம்பாயிலிருந்து விமானத்தில் ஏற்றப்பட்டது. அதை அடகாக வைத்து பேங்க் ஆஃப் இங்கிலாந்திடமும் பேங்க் ஆஃப் ஜப்பானிடமும் வாங்கியது சுமார் 40 கோடி டாலர்.

தங்கம் பம்பாயிலேயே இருக்கட்டும், உங்க பேரில் எழுதித் தர்றோம் என்றால் போதாதா? போதாது என்றார்கள். சுவருக்குள்ளே வந்தால்தான் காசு. டெல்லியில் இதற்கு முடிவெடுத்த நிதி அமைச்சகம் இருந்தது நார்த் பிளாக்கில். பேக்கர் கட்டிய ஒரு கட்டடத்தில் முடிவு, பேக்கர் கட்டிய இன்னொரு கட்டடத்தில் தங்கம்.

விஷயம் பத்திரிகையில் வெளியானதும் நாடே கொதித்தது. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்கவே வேணாம். நம்ம வீடுகளில் தங்கத்தை விற்பது ஒன்று, அடகு வைப்பது வேறு. ரெண்டையும் விட, அடகு வைத்தது பக்கத்து வீட்டுக்குத் தெரிவதுதான் பெரிய அவமானம். நான் காலேஜ் மூணாவது வருஷம் படிக்கும்போது ஃபீஸ் கட்ட அம்மா ரெண்டு வளையலை அடகு வைத்தார்கள். பஸ் ஏறி, எங்களைத் தெரிந்தவங்க இல்லாத ஏரியாவுக்குப் போய். முழுகிப்போவதற்கு முன்னாடி மீட்டுவிட்டோம், ஆனால் அந்தப் பஸ் பயணத்தைப் பற்றி அம்மா இன்றைக்கு வரைக்கும் பேசினதில்லை.

நாடும் மீட்டுவிட்டது. அந்த வருஷம் முடிவதற்குள் அந்தக் கடன் அடைக்கப்பட்டது. ஆனால் இந்தியாவின் தங்கத்தில் ஒரு பெரிய பங்கு அதற்குப் பிறகும் லண்டனில்தான் இருந்தது. அடகாக இல்லை, லாக்கரில் வைக்கிற மாதிரி. அங்கே இருந்தால் விற்க, மாற்ற, கடன் வாங்க வசதி. சுமார் 4 லட்சம் தங்கக் கட்டிகள் அந்தப் பாதாள அறைகளில் இருக்கு, பெரும்பகுதி அடுத்த நாடுகளுடையது. வெனிசுவேலாவின் 31 டன்னும் அங்கேதான். அந்த நாட்டின் சட்டப்பூர்வமான அதிபர் யார் என்ற சண்டையில், திருப்பிக் கேட்டும் கிடைக்காமல் வருஷக்கணக்கில் கோர்ட்டில் இழுத்தது. தங்கம் பத்திரமாகத்தான் இருக்கு. யாருக்குப் பத்திரம் என்பதுதான் கேள்வி.

ரஷ்யாவின் வெளிநாட்டுக் கையிருப்பை 2022-ல் மேற்கு நாடுகள் முடக்கிய பிறகு, பல நாடுகள் இதை யோசிக்க ஆரம்பித்தன. 2024 மே மாசக் கடைசியில் ஒரு செய்தி வந்தது: ரிசர்வ் வங்கி லண்டனிலிருந்து சுமார் 100 டன் தங்கத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அந்த மார்ச் கணக்குப்படி மொத்தம் 822 டன், அதில் 408 டன் உள்நாட்டில். இந்த முறை யாரும் கொதிக்கவில்லை, கொஞ்சம் பெருமைப்பட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டார்கள்.

லண்டனுக்கே திரும்புறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்னால் உள்ளே போக முடியவில்லை. மியூசியம் வார நாட்களில் மட்டும்தான். அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டு பார்த்தலோமியூ சந்து வாசல் வழியாகப் போனேன். டிக்கெட் கிடையாது. உள்ளே நுழைந்ததும் ஒரு உயரமான கூடம், மேலே கண்ணாடிக் கூண்டு, மெத்தென்று வெளிச்சம். சோனின் அந்த 1792 பங்குப் பத்திர அலுவலகத்தை, இடித்து ஐம்பது வருஷத்துக்கு மேல் கழித்து, அச்சு அசலாகத் திரும்பக் கட்டி 1988-ல் மியூசியமாகத் திறந்திருக்கிறார்கள். நகல்தான். ஆனாலும் அஞ்சு நிமிஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

இன்னொரு அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதில் ஒரு ஓட்டை. கையை உள்ளே விட்டு நிஜத் தங்கக் கட்டியைத் தூக்கிப் பார்க்கலாம். சுமார் 13 கிலோ. ஒரு கையால் தூக்குவது லேசில்லை, எனக்கு முன்னால் நின்ற பையன் ரெண்டு முயற்சிக்குப் பிறகு விட்டுவிட்டான். நான் தூக்கினேன், மணிக்கட்டு நடுங்க ஒரு மூணு செகண்ட். 1991-ல் போனதை இந்த அளவுக் கட்டிகளாகக் கணக்குப் போட்டால் 3,600-க்கு மேல் வரும் என்று மனசுக்குள் ஓடியது.

ராத்திரி அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு இதெல்லாம் சொன்னேன். நம்ம நாட்டுத் தங்கம் கூட அந்தக் கட்டடத்துக்கு அடியில்தான் இருக்கும்மா என்றேன்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள். “நம்மளோடது எதுன்னு அடையாளம் போட்டு வச்சிருப்பாங்களா?”

“ஒவ்வொரு கட்டியிலும் நம்பர் இருக்கும்மா.”

“அந்த நம்பரை நாமளும் எழுதி வச்சிருக்கோம்ல?”